குல்லா போட்டவரிடம் பேசக் கூடாது

"அண்ணா, குல்லா" என்று ரோஸ்மேரி கையை நீட்டினாள். அருள்ராஜ் தன் தலையிலிருந்த சிவப்புக் கம்பளிக் குல்லாவை உருவி அவள் மடியில் எறிந்தான். அவள் அதை உதறி, ஒரு தடவை முகர்ந்து பார்த்து, "நீங்க தேங்காயெண்ணெய் தேய்க்கிறீங்களா, இல்ல தேங்காயவே ஒடச்சுத் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டாள். அந்த நொடியிலிருந்து அவளிடம் யாரும் பேசக் கூடாது. பதில் சொல்ல வாயெடுத்த அருள்ராஜ் வாயை மூடிக்கொண்டான்.

குன்னூரில், தேயிலை ஏலக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் மழையில் ஊறித் தொங்குகிற ஒரு தெருவில், வருக்கி சுடும் பேக்கரிக்கு மேல்மாடி அது. போன் கம்பெனிக்காரர்கள் மலை முழுக்க நட்டு வைத்த டவர்களைக் கண்காணிக்க ஒப்பந்தம் எடுத்த ஒரு சின்னக் கம்பெனி. மூன்று நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர், சுவரில் ஒரு பெரிய திரை. திரையில் நீலகிரி முழுவதும் விரித்த பாய் போலக் கிடக்கும். ஒவ்வொரு டவரும் ஒரு புள்ளி. பச்சை என்றால் உயிர், சிவப்பு என்றால் பிணம். தானாகச் செத்ததா, நாமே கழுத்தை நெரித்தோமா என்பதைச் சுவர் சொல்லாது. அதைச் சொல்லும் வசதிக்குத் தனிக் கட்டணம் என்றார்கள், முதலாளி, "செத்தது செத்ததுதானே, காரணம் எதுக்கு?" என்று வேண்டாமென்றுவிட்டார்.

அந்த மென்பொருளுக்கு இரண்டு பக்கம். ஒன்றில் பார்க்கலாம், மற்றதில் தொடலாம். அறையில் முதலாவதற்கு வேடிக்கைப் பக்கம் என்று பெயர், இரண்டாவதற்குக் கைவைக்கிற பக்கம். வேடிக்கைப் பக்கத்தில் நீங்கள் என்ன அழுத்தினாலும் ஒரு டவருக்கும் காய்ச்சல்கூட வராது. கைவைக்கிற பக்கத்தில் ஒரு விரல் தப்பினால் ஒரு பள்ளத்தாக்கே ஊமையாகிவிடும். இப்படி எலியும் புலியுமாக இருக்கிற இரண்டையும் செய்தவன் ஒரே சாயலில் செய்து வைத்திருந்தான். அதே வரைபடம், அதே பட்டியல், அதே சாவிகள். கீழே ஓர் ஓரமாக ஒரு மெல்லிய பட்டை மட்டும் இங்கே நீலம், அங்கே சிவப்பு. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காதுக்குப் பின்னால் மச்சம் வைத்த மாதிரி. ஆளுக்கொரு கடவுச்சொல் வாங்கினால் ஆளுக்கொரு கட்டணம் என்பதால் மூன்று பேருக்கும் ஒரே பெயர். இந்த அறையிலிருந்து ஒரு கை தொட்டது என்று மட்டும்தான் இயந்திரத்துக்குத் தெரியும், யார் கை என்று தெரியாது. ஒரு நாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே டவரில் கைவைத்து அது கோமாவில் விழுந்த பிறகு, மேற்பார்வையாளர் ஷண்முகப்ரியா ஊட்டிக்குப் போய், கம்பளி விற்கும் கடையில் இந்தச் சிவப்புக் குல்லாவை வாங்கி வந்தாள். கைவைக்கிற பக்கத்துக்குப் போகிறவர் குல்லாவை மாட்டிக்கொள்ள வேண்டும். குல்லா ஒன்றுதான், எனவே கையும் ஒன்றுதான். போட்டிருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது, அவர் போனை எடுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் முதலில் வேடிக்கைப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும், அப்புறம்தான் குல்லாவைக் கழற்ற வேண்டும். முதலில் திரை, பிறகு தலை.

கேட்பதற்குச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இதே அறையில் வேலை பார்த்த ஸ்டெபின் போன மழைக்காலத்தில் குல்லா இல்லாமல் கைவைத்து இத்தலார் ஊர் டவர்கள் முழுவதையும் அணைத்துவிட்டான். ஷண்முகப்ரியா சத்தம் போடவில்லை. "பையை எடுத்துக்கங்க ஸ்டெபின்" என்றாள், அவ்வளவுதான். அவன் இப்போது பைக்காரா போகிற வழியில் சோளம் சுட்டு விற்கிறான். டூரிஸ்ட் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு வந்த டிரைவர்கள் சொல்வார்கள், இன்ஜினியர் கையால் சுட்ட சோளம் ஒரு பக்கம் கருகித்தான் இருக்கும் என்று.

அருள்ராஜுக்கு இந்த இரண்டு பக்கச் சமாச்சாரம் புதிதில்லை. அவன் அப்பா காளிமுத்து மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் கமிஷன் ஏஜெண்டு. மூட்டையைக் குத்திப் பார்க்கும்போது விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். விலை பேசும்போது மூட்டையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "பாக்குற கண்ணு வேற, கேக்குற வாயி வேற. ரெண்டையும் ஒரே நேரத்துல தொறந்தவன் கடைய மூடிட்டுப் போயிருக்கான்" என்பார். பிறகு அவரே ஒரு நாள் இரண்டையும் திறந்தார், கடையை மூடிவிட்டு வந்தார், அது வேறு கதை. மகனுக்கு மிச்சமானது அந்தப் பேச்சு மட்டும்தான். யாரை எங்கே தட்டினால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்கிற கணக்கு அவன் ரத்தத்தில் இருந்தது. டவர் ஏறும் ஆட்கள் "அருள்ராஜ் கூப்பிட்டா போனை எடுக்காதே, எடுத்தா போக வேண்டியதாயிரும்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

அன்று காலை அவன் செய்தது ஒரே ஒரு தப்பு. குல்லாவைக் கழற்றி எறிந்தான், பக்கத்தை மாற்றவில்லை. கடையைப் பூட்டாமல் சாவியை மட்டும் கொடுத்தனுப்பிய மாதிரி. அவன் திரையில் கீழே ஓரத்தில் பட்டை சிவப்பாகவே இருந்தது. அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. தலையில் பாரம் இருந்தால் கைவைக்கிற பக்கம், தலை லேசானால் வேடிக்கைப் பக்கம் என்று உடம்பு பழகிவிட்டது. கண் பார்க்க வேண்டியதை மண்டை பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே ஆடி மழை. மழைகூடப் பரவாயில்லை, மழை நின்ற இடத்திலெல்லாம் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நாட்களில் வெள்ளிக்கொம்பை எஸ்டேட் டவர் சிணுங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் சிக்னல் ஆடும், ஆடினால் அபாயமணி அடிக்கும், அடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும், மறுபடி அடிக்கும். வயசான மாமியார் இருமுவது போல. யாரும் டாக்டரிடம் ஓட மாட்டார்கள். வேடிக்கைப் பக்கத்தில் அந்த டவரைத் தேர்ந்தெடுத்து நான்காம் சாவியை அழுத்தினால் மணி ஊமையாகும். "நிச்சயமா?" என்று திரை கேட்கும். ஆம் என்று தட்ட வேண்டும். கைவைக்கிற பக்கத்தில் அதே நான்காம் சாவி அந்த டவரின் ரேடியோவையே அணைக்கும். அங்கேயும் அதே "நிச்சயமா?"தான் கேட்கும். எந்தப் பக்கத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டால் அதற்குப் பெயர் கேள்வியில்லை, கொட்டாவி. அருள்ராஜ் ஒரு கையில் டீ டம்ளரோடு நான்காம் சாவியை அழுத்தி, ஆம் தட்டினான். மணி நின்றது. "சனியன் அடங்குச்சு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். கீழே பேக்கரியில் அடுத்த ஈடு வருக்கி வெந்து மணத்துக்கொண்டிருந்தது.

டம்ளர் காலியாவதற்குள் சுவரில் வெள்ளிக்கொம்பை சிவந்துவிட்டது.

ஷண்முகப்ரியாதான் முதலில் பார்த்தாள். அவள் கோயமுத்தூர்க்காரி. ஐந்து வருடமாக மலையில் இருந்தும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிரைத் தனக்கு யாரோ செய்த அவமானம் போலப் பாவிப்பவள். "ஏனுங்க அருள், வெள்ளிக்கொம்ப என்னாச்சு? கரண்டு இருக்குது. கதவு சென்சார் பேசுது. ரேடியோ மட்டும் எப்புடிச் சாகும்?"

"மழத்தண்ணி கேபிள்ல எறங்கியிருக்கும் மேடம்" என்றான். அப்போது அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

"ரோஸ்மேரி அப்டேட் போட்டுட்டு இருக்கறா, இப்ப அவளத் தொடக் கூடாது. அவ முடிச்சதும் குல்லாவ வாங்கி ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், ஆள அனுப்பிருங்க. எஸ்டேட்ல கெஸ்ட் பங்களா நடத்தறவன் லேண்ட்லைன்ல வந்து கத்தறான். கெஸ்டெல்லாம் பால்கனில நின்னு போன ஆகாசத்துக்குக் காட்டிட்டு இருக்கறாங்களாம்."

வெள்ளிக்கொம்பைக்கு ஆள் என்றால் நல்லசாமிதான். பக்கத்து எஸ்டேட்டின் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர், ஐம்பது தாண்டியவர். அவர் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இவர் இங்கே பிறந்து, கொழுந்துக் கூடை தூக்கி, பிறகு கயிறு கட்டி டவர் ஏறப் பழகினார். வெள்ளிக்கொம்பைப் பள்ளத்துக்குள் இறங்கினால் அந்த ஒரு டவரை விட்டால் போனுக்கு வேறு கதியில்லை. லயத்தில் இருக்கும்வரைதான் அவரைப் பிடிக்க முடியும். அருள்ராஜ் கூப்பிட்டான். நான்காவது மணியில் எடுத்தார்.

"நல்லசாமிண்ணே, எங்க இருக்கீங்க?"

"அடுப்படியில தம்பி. இந்த மழைக்கி ஒலகமே அடுப்படியிலதான் குந்தியிருக்கும். என்னா, வெள்ளிக்கொம்ப படுத்துருச்சா?"

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க என்னைய சொகம் விசாரிக்கவா கூப்பிடப் போறீங்க? இன்னிக்கி யாரு தலையில குல்லா?"

"ரோஸ்மேரி."

"அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கன்னு ரெண்டு வருசமா கேக்குறேன். மேல ஏறும்போது காது விறைச்சுப் போவுது. நீங்க சூடா ஒக்காந்துருக்கவுங்களுக்குத்தான் குல்லா மாட்டி விடுறீங்க."

அருள்ராஜ் சிரித்தான். சிரிக்க வைக்கிறவன் பாதி இறங்கிவிட்டான் என்று மண்டியில் கணக்கு. "அண்ணே, உடனே போயி, மேல ஏறி, கேபிளக் கழட்டி மாத்தணும். ஸ்டோர்ல புதுசு இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க."

"என்னா வெளையாடுறீங்களா தம்பி? இந்தக் காத்துல டவர் ஏறவா? ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, வண்டி வராது. குறுக்குப் பாதையிலதான் போவணும். அங்க காட்டுமாடு நிக்கிது. ஒத்த மாடு. காலையில கொழுந்துக்குப் போன பொம்பளைங்க பாத்துட்டுத் திரும்பி வந்து, சுத்திக்கிட்டுப் போயிருக்காங்க. மூடுபனி வேற, கைய நீட்டுனா கையே தெரியல. ஒரு மூச்சு மழ விடட்டும். வெளிச்சம் வந்தா போறேன்."

எல்லாம் நியாயமான பேச்சு. நியாயமான பேச்சை எப்படி உடைப்பது என்று அருள்ராஜுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறச் சொன்னதே ஏற வைக்க அல்ல. பிறகு விட்டுக் கொடுப்பதற்கு. "சரிண்ணே, நீங்க சொல்றதும் சரிதான். ஏற வேண்டாம். கேபிளும் வேண்டாம். கீழ பெட்டியத் தொறந்து என்னன்னு பாத்துட்டு வந்தாப் போதும். உங்களுக்காக மேடம் கிட்ட நான் பேசிக்கிறேன்." ஒருவன் ஒரு படி இறங்கினால் எதிராளியும் ஒரு படி இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கே தன்னைப் பிடிக்காமல் போகும்.

"மாடு நிக்கிதுன்னு சொல்றேன்."

"மாடு உங்களுக்குப் புதுசாண்ணே? நீங்க போனா அது வழி விடும், உங்க ஊர்க்காரன்தானே. பள்ளத்துக்குள்ள இருக்கிற சனத்துக்கு ஒரு ஆத்திர அவசரம்னா போன் இல்ல. அதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு அருள்ராஜ் வாயை மூடினான். அது அப்பாவின் கடைசிப் பாடம். விலையைச் சொன்ன பிறகு பேசாதே. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். போனில் மழை தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது. அடுப்பில் ஏதோ பொங்கிச் சீறியது. யாரோ ஒரு பெண் "எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டாள். 

"சரி, போறேன்" என்றார் நல்லசாமி. "போயி சேந்துட்டேன்னு எப்பிடிச் சொல்றது? அங்கிட்டு டவரே இல்லியே."

"பெட்டிக் கதவத் தொறந்தா இங்க எனக்கு மஞ்ச லைட்டு எரியும்ணே. அதப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"பாத்துக்கிட்டே இருங்க தம்பி. கண்ண எடுத்துறாதீங்க." சிரித்துக்கொண்டேதான் வைத்தார்.

வியாபாரம் முடிந்த திருப்தியில் அருள்ராஜ் நாற்காலியைத் திரை பக்கம் திருப்பினான். வெள்ளிக்கொம்பையின் கதவு விளக்கை எடுத்து நடுவில் பெரிதாக வைத்துக்கொள்ள நினைத்தான். அப்போதுதான் கண் கீழே போனது. பட்டை சிவப்பாக இருந்தது.

முதலில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரோஸ்மேரியின் திரையைத்தான் பார்க்கிறோம் போல என்றுகூட நினைத்தான். அவள் திரையைப் பார்த்தான், அங்கேயும் சிவப்பு. ஒரே அறையில் இரண்டு சிவப்பு. பிறகு டீ டம்ளர், நான்காம் சாவி, "நிச்சயமா?", ஆம், எல்லாம் வரிசையாக வந்து அவன் முன்னால் உட்கார்ந்தன, கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்டு வந்து நிற்கிற ஆட்கள் போல. கேபிளில் தண்ணீர் இறங்கவில்லை. காற்று ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கொம்பை டவர் மழையில் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் வாயை இவன்தான் பொத்தியிருந்தான். காது வரைக்கும் சூடு ஏறியது. நல்லசாமியை உடனே கூப்பிட்டான். "தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று அந்தப் பெண் மூன்று மொழியில் சொன்னாள். லயத்துக்குப் பின்னால் பத்தடி வைத்தாலே பள்ளம்; அவர் இறங்கிவிட்டார். சொன்ன சொல்லுக்கு உடனே கிளம்புகிற மனுசன். மண்டியில் அப்படிப்பட்டவனை ஏமாளி என்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரே வேலை. நான்காம் சாவியை மறுபடி அழுத்தினால் ரேடியோ பேசும், நல்லசாமியின் சட்டைப்பையில் போன் அடிக்கும், "திரும்பி வாங்கண்ணே, தன்னால வந்துருச்சு" என்று சொல்லிவிடலாம். விரல் சாவிக்கு மேலே வந்துகூட விட்டது. ஆனால் குல்லா ரோஸ்மேரி தலையில் இருந்தது. சுவரில் வெள்ளிக்கொம்பை இப்போது பச்சையானால் ஷண்முகப்ரியா முதலில் ரோஸ்மேரியைப் பார்ப்பாள். ரோஸ்மேரி "நான் தொடல மேடம்" என்பாள். பிறகு இரண்டு பேரும் இவன் பக்கம் திரும்புவார்கள். ஷண்முகப்ரியா எழுந்து வந்து கீழே பட்டையைப் பார்ப்பாள். சத்தம் போட மாட்டாள். பையை எடுத்துக்கங்க அருள்.

விரலை எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டான். கணக்குப் போட ஆரம்பித்தான்.

ரோஸ்மேரி முடித்துவிட்டுக் குல்லாவைக் கழற்றுவாள். மேடமே ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கிறாள். குல்லாவை மாட்டி, ஊருக்குத் தெரியத் திறந்துவிட்டால் முடிந்தது, அது ரீஸ்டார்ட்டில் வந்ததாகிவிடும். அதற்குள் நல்லசாமி போய்ச் சேர்ந்து மஞ்சள் விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது; சத்தமில்லாமல் அப்போதே திறந்துவிடலாம், அவர் கை பட்டு உயிர் வந்ததாக இருக்கும். மனுசன் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், தட்டுனேன் தம்பி, எந்திரிச்சு ஒக்காந்துருச்சு என்று. அவருக்குப் பெருமை, மேடத்துக்கு நிம்மதி, பங்களாக்காரனுக்குச் சிக்னல், தனக்கு நாற்காலி. கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். எல்லாருக்கும் லாபம்.

எல்லாருக்கும் லாபம்னு ஒருத்தன் சொன்னா, நஷ்டப்படறவன் அந்த எடத்துல இல்லேன்னு அர்த்தம். இதுவும் அப்பா சொன்னதுதான். நினைவுக்கு வந்தது. வந்ததைப் பேசாமல் போகச் சொன்னான்.

திரையில் கதவு விளக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறம் என்றால் மூடியிருக்கிறது. குறுக்குப் பாதை அவனுக்கும் தெரியும். ஒரு தடவை நல்லசாமியோடு போயிருக்கிறான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அகலம், இரண்டு பக்கமும் இடுப்பளவு பச்சை, அப்புறம் ஓர் ஓடை, ஓடைக்கு மேலே சோலை, அதைத் தாண்டினால் டவர். அன்று நல்லசாமி முன்னால் நடந்துகொண்டே, மாடு நின்றால் மூச்சு விடுவது முதலில் கேட்கும், அப்புறம்தான் மாடு தெரியும் என்று சொன்னார். நடக்கும்போது அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது இவனுக்கு எரிச்சலாக இருந்தது. நாம் வருவது மாட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பேசுகிறார் என்பது பாதி வழியில் விளங்கியது. "ஒத்தையில வரும்போது என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேட்டான். "ஆருக்காச்சும் போனப் போட்டுப் பேசிக்கிட்டே வருவேன்" என்றார்.

அது இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும்?

ரோஸ்மேரி குல்லாவுக்குள் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு மிச்சம் என்று கேட்க முடியாது. ஷண்முகப்ரியா, "நல்லசாமி போய்ட்டாருங்களா?" என்று கேட்டாள். "இந்நேரம் ஓடை தாண்டியிருப்பாரு மேடம்" என்றான். கீழே பேக்கரிக்காரன் ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது. சாரல் ஜன்னல் கண்ணாடியில் வந்து அறைந்து வழிந்தது. சாம்பல் விளக்கு சாம்பலாகவே இருந்தது. செருப்பு வழுக்கியிருக்கும், மெதுவாகப் போகிறார். மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பார். பீடி பற்ற வைத்திருப்பார். ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தட்டிப் பார்த்தான். எல்லாம் சொத்தைக் கிழங்கு மாதிரி உள்ளே மெத்தென்று அமுங்கின. நடுவில் விரல் இரண்டு தடவை தானாகச் சாவி வரைக்கும் போய் வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது மனசு. இவ்வளவு நேரம் பிடித்து வைத்த சரக்கைக் கடைசி நேரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ள எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

ஒரு வழியாக ரோஸ்மேரி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தன் பட்டை நீலமானதைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு குல்லாவைக் கழற்றினாள். முதலில் திரை, பிறகு தலை. "ஐயோ, கழுத்தே போச்சு. இந்தாங்கண்ணா, ஒங்க எண்ணெயோட என் வேர்வையும் சேத்துத் தர்றேன்" என்று நீட்டினாள்.

அவன் அதைப் பிடுங்கினான். அவள் முகம் ஒரு நொடி மாறியது. மாட்டிக்கொண்டு, நான்காம் சாவியை அழுத்தினான். "நிச்சயமா?" ஆம். சுவரில் வெள்ளிக்கொம்பை கண்ணைச் சிமிட்டி, மஞ்சளாகி, பச்சையானது. "அப்பாடா" என்றாள் ஷண்முகப்ரியா. "ரீஸ்டார்ட்லயே வந்துருச்சா? நல்லசாமிய வீணா நடக்க வெச்சுட்டோம்." அருள்ராஜ் சாவிகள் மேல் கை வைத்தபடியே இருந்தான். வேடிக்கைப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும், குல்லாவைக் கழற்ற வேண்டும், நல்லசாமியைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றையும் தொடங்குவதற்குள் மேசைப் போன் அடித்தது.

ரோஸ்மேரி எட்டி எண்ணைப் பார்த்து, "மேடம், நல்லசாமி அண்ணந்தான்!" என்றாள்.

அருள்ராஜின் உடம்பு முழுக்க இளகியது.  குல்லா இருப்பதால் அவன் எடுக்கக் கூடாது. ஷண்முகப்ரியா ஸ்பீக்கரை அழுத்தினாள். அந்தப் போனின் கைப்பிடி என்றைக்கோ செத்துவிட்டது, எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். "சொல்லுங்க நல்லசாமி, டவர் வந்துருச்சு, திரும்பிருங்க" என்றாள்.

"இது யாருங்க? ஆபீசுங்களா?" ஒரு பெண்குரல். மூச்சு இரைத்தது. பின்னால் இன்னும் சில பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். "நான் சின்னம்மைங்க, கொழுந்து எடுக்கிறவ. இந்தப் போனுல கடைசியா இருந்த நம்பருக்குப் போடுறேன். ஓடைக்கிட்ட மாடு முட்டிப் போட்டுருச்சுங்க. அம்புலன்சுக்குப் போட்டுப் போட்டுப் பாக்குறோம், எந்தப் போனுலயும் டவரே இல்ல. எம்புட்டு நேரமாப் போடுறோம். ஒருத்திய பங்களாவுக்கு ஓட விட்டோம், இன்னும் வந்து சேரல."

"பேசறாராம்மா? அவர்கிட்டக் குடுங்க."

"கொஞ்ச முன்ன வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாருங்க. மஞ்ச லைட்டு எரியலேன்னா ஆபீசுல தேடுவாங்க, தம்பி பாத்துக்கிட்டேதான் இருப்பாருன்னு சொன்னாரு. பயப்படாதீக டவரு வரும்னு எங்களுக்குத்தான் தைரியம் சொன்னாரு. இப்ப பேசலீங்க."

"மூச்சு இருக்குதா? சின்னம்மை, மூச்சு இருக்குதான்னு பாருங்க. போன வெச்சறாதீங்க." ஷண்முகப்ரியா தன் கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எந்த எஸ்டேட், எந்த வழி, ரோட்டில் மரம் என்று இரண்டு தடவை சொன்னாள். குரல் உடையவில்லை, ஆனால் ஸ்வெட்டரின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் மழையும் ஓடையும் ஒன்றாக இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் சின்னம்மை நல்லசாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப, ஒரே மாதிரி.

ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல அவள் கண் அருள்ராஜின் முதுகுக்கு வந்தது. குல்லாவை அவன் பிடுங்கிய கைக்கு வந்தது. சுவரில் உள்ள பச்சைக்குப் போனது. ரீஸ்டார்ட் என்றால் ஒரு டவர் செத்து எழுந்துவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்; இது சாவி தட்டியவுடன் எழுந்திருந்தது. ஷண்முகப்ரியா ஆம்புலன்ஸ் பேச்சை முடித்துவிட்டு நாலு எட்டு வைத்து வந்து, அருள்ராஜின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அவன் தலையில் குல்லா இருந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அருள்ராஜ் திரும்பவில்லை. எதிரே சுவரில் வெள்ளிக்கொம்பை ஜாம்ஜாமென்று பச்சையாக எரிந்தது. பள்ளத்தாக்கின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண் விழித்து அதன் வழியாக ஏறிக்கொண்டிருந்தன. அவன் திரையில் கதவு விளக்கு சாம்பலாக இருந்தது. கீழே ஓரத்தில் பட்டை சிவப்பாக இருந்தது. ஒரு சாவி தட்டினால் நீலமாகும். நீலமானால் குல்லாவைக் கழற்ற வேண்டும். பின்னால் நிற்பவளின் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். அவன் இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்து, காது மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கம்பளிக்குள்ளே ஸ்பீக்கரின் சத்தம் மங்கியது. ஓடை மட்டும் கேட்டது.